வாசலில் குவிந்த செருப்புகள்

பிள்ளைகளே, என்னிடம் வேலை பழகிப்போன நீங்கள் வடிவமைத்து முடித்த கடைகளின் படங்களை எனக்குப் போனில் அனுப்புகிறீர்கள். ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, கண் சொருகும் நேரத்தில்தான் பார்ப்பேன். அரைத் தூக்கத்தில் பார்த்தால் ஓர் அறையின் குணம் நன்றாகத் தெரியும் என்பது என் நம்பிக்கை. சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. விளக்கு சரி, நிறம் சரி, கதிரையின் கால்கூடச் சரி. ஆனால் ஒன்றிலும் ஆள் இல்லை. ஆட்களை விலக்கிவிட்டு எடுத்தீர்களா, ஆட்களே வரவில்லையா என்று கேட்க வாயெடுத்து, பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

வேலையை விட்டு ஓய்ந்தவளிடம் புத்திமதி கேட்கக் கூடாது, அவளுக்கு நிறுத்தத் தெரியாது. ஆகவே ஒரு கடையின் கதையை மட்டும் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சின்னக் கோப்பிக் கடை. கோப்பியும் கேக்கும் பேஸ்ட்றியும் விற்கும் கடை. என் முழங்கால்கள் என்னை வீட்டோடு இருத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் செய்த வேலை அது.

அதை என்னிடம் கொண்டு வந்தவர்கள் நேசனும் அவருடைய மனைவி ஜெசிந்தாவும். நேசன் கட்டார் நாட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் பேஸ்ட்றி செய்துவந்தவர். கலியாணம் முடித்த கையோடு போனவர், விடுமுறைக்கு வருவார், திரும்பிப் போவார். மகள் ஷெரின் தவழ்ந்தது, நடந்தது, முதல் பல் விழுந்தது எல்லாவற்றையும் அவர் போனில்தான் பார்த்திருக்கிறார். முதல் நாள் மூவரும் என் வீட்டுக்கு வந்தபோது பிஸ்கட் தட்டை நீட்டினேன். "எடுங்க மகள்" என்றார் நேசன். அவள் தாயின் காதுக்குள் குனிந்து, "வேணாம் எண்டு அவரிட்ட சொல்லுங்க" என்றாள். அவர் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். பிஸ்கட் ஒன்றை எடுத்து, கடிக்காமல், வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

புறப்படும்போது ஜெசிந்தா மட்டும் பின்தங்கினாள். "இந்தக் கடை நிண்டா இவர் நிப்பார் அக்கா. கடை விழுந்தா போயிருவார். ஹோட்டல்ல இவர்ர இடத்த ஒருத்தருக்கும் குடுக்காம வச்சிருக்காங்க. மாரி துவங்கிறதுக்குள்ள வாறதா இல்லையா எண்டு சொல்லணுமாம்."

எல்லா வேலையிலும் இப்படி ஒன்று இருக்கும் பிள்ளைகளே. ஆனால் எல்லோரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். ஜெசிந்தா சொன்னதால் அன்றிலிருந்து அந்தக் கடையை நினைக்கும் போதெல்லாம் எனக்கு அந்தக் கடிக்காத பிஸ்கட்தான் நினைவுக்கு வந்தது.

இடம் நல்ல இடம். ஜெசிந்தாவுக்குத் தாய் வழியில் வந்த பழைய வீட்டின் ஒரு பக்கம். முன்னால் ரோட்டு, பின்னால் வாவி. வாவிக்கு அக்கரையில் வவுணதீவு, பழுகாமம் பக்கத்துச் சனங்கள் ஆசுபத்திரிக்கும், அரச அலுவலாகக் கச்சேரிக்கும் வந்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்து போகிற பாதை அது. நான் முதலில் செய்தது வழக்கம்போல வெறும் அறையில் ஒரு கதிரையைப் போட்டுச் சும்மா இருந்ததுதான். நாவல் மரத்து நிழல் சுவரில் மெல்ல நகர்ந்தது. தோணி ஒன்று சத்தமில்லாமல் ஜன்னலைக் கடந்து போனது. இங்கே ஒருவருக்கும் அவசரம் வராது என்று தோன்றியது. சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை, பின்பக்கம் முழுக்கத் திறக்கும் ஜன்னல், பழைய பலா மரக் கதவுகளை அறுத்து மேசைகள் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. நேசன் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. தரையை மட்டும் அவர் முன்னமே முடிவு செய்து வைத்திருந்தார். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் கறுப்பு மாபிள்.

ஏன் கறுப்பு என்று கேட்டேன். அவர் வேலை செய்த ஹோட்டலில் சமையல்காரர்களுக்குக் கீழ்த்தளத்தில் தனி வாசல். ஒருமுறை லிஃப்ட் பழுதாகி, கலியாணக் கேக்கை முன் மண்டபத்தால் தள்ளிக்கொண்டு போக வேண்டி வந்ததாம். சப்பாத்துக்கு மேலே துணி உறை மாட்டிவிட்டுத்தான் போக விட்டார்களாம்.

"கறுப்புத் தரை அக்கா. கேக் தலைகீழா உள்ளுக்க தெரிஞ்சிது. நான் கேக்கப் பாக்கல்ல. தரையத்தான் பாத்துப் பாத்துப் போனன்."

கறுப்பு மாபிளையே வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். மாபிள் பதித்து மெழுகித் துடைத்த பின்னேரம் நான் போய்ப் பார்த்தேன். பின் ஜன்னல் வழியாக வாவி முழுவதும் உள்ளே வந்து தரையில் படுத்திருந்தது. மேகம் மேசைகளுக்குக் கீழே போனது. கொக்கு ஒன்று கதிரைக் கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பறந்தது. நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே கால் வைத்தால் நனைந்துவிடும் போல இருந்தது. ஆயுளில் இப்படி ஓர் அறை எனக்கு வாய்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சந்தோஷமாகத் தூங்கினேன்.

திறப்பு விழாவுக்குப் பங்குத் தந்தை வந்து செபம் சொல்லி மந்திரித்தார். சொந்தம், அயல், பள்ளிக்கூட ஆசிரியைகள் என்று கூட்டம். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். வீட்டு விசேஷம் போல ஒரு நாள், அதனால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

மறுநாளிலிருந்து கடை கடையாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. ரோட்டில் போகிறவர்கள் நின்றார்கள், முன்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்கைப் பற்றித் தங்களுக்குள் ஏதோ கதைத்தார்கள், போனார்கள். வந்தவர்களும் வாசல் படியில் செருப்பைக் கழற்றினார்கள். ஏசிக் குளிரில் வெறுங்காலோடு மாபிளில் நடந்து, கதிரை நுனியில் அமர்ந்து, கால் விரல்களைச் சுருக்கிக் கதிரைச் சட்டத்தில் தூக்கி வைத்துக்கொண்டு, சூடான கோப்பியை அவசரமாகக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் பின் ஜன்னல் பக்கம் போகவில்லை. நான் அவர்களுக்கென்று வைத்த வாவியை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பரவாயில்லாமல் ஆட்கள் வந்திருந்தார்கள். நானும் ஒரு மூலையில் இருந்தேன். படியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. ரோட்டில் சைக்கிளில் போன ஒரு வயதான மனிதர் அதைப் பார்த்து மெதுவாக இறங்கினார். சைக்கிளை மதிலில் சாத்தினார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து இறக்கிவிட்டார். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, ஜெசிந்தாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எப்ப புள்ள எடுக்கிற?"

"என்னத்த?" என்றாள் ஜெசிந்தா.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சுவர். அமைதியாக இருக்கிற சனம். நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சொக்லட் கேக்.

"ஓ" என்றார். சாரத்தைத் திரும்ப மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் சிரித்தேன், மறைக்கப் பார்த்தும் முடியவில்லை. ஜெசிந்தாவும் சிரித்தாள். அப்படியே சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். போய்ப் பார்த்தால் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று அழுகிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரில் வாசல் நிறையச் செருப்பு கிடந்தால் அது செபக் கூட்டம், அல்லது பிரேதம் எடுக்கக் காத்திருக்கும் சாவு வீடு. மூன்றாவதாக ஒன்றை யார் யோசிப்பார்கள்?

பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். 'செருப்புடன் உள்ளே வரலாம்' என்று ஒரு பலகை வைத்தோம். வட்டையில் வயல் வேலை முடித்து நேரே வந்த ஒரு புருசனும் பெஞ்சாதியும் அதை நின்று வாசித்ததை நான் பார்த்தேன். "எழுதித்தான் இரிக்கு" என்றார் அவர். "அவங்க எழுதுவாங்க. வட்டைக்குள்ள நிண்ட கால், இதுல எப்பிடிகா மிதிக்கிற?" என்று கேட்டாள் அவள். இருவரும் எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடைக்குப் போனார்கள். உங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், சுவரில் இரண்டு பெரிய இறக்கைகளை வரைந்தால் இளம் பிள்ளைகள் நின்று படம் எடுப்பார்கள் என்று சொன்னார். அன்று நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். இறக்கை கேட்கவில்லை ஐயா, சனங்கள் செருப்போடு வந்தால் போதும்.

நேசன் ஒரு யோசனையும் சொல்லவில்லை. அவர் தோளில் ஒரு துணி இருந்தது. யார் நடந்தாலும், அவர்கள் அமர்ந்த பிறகு பின்னாலேயே வந்து, குனிந்து, பாத அடையாளத்தைத் துடைத்தார். மரியாதையாகத்தான் செய்தார். ஆனால் நீங்கள் நடந்த இடத்தை ஒருவர் உடனே துடைத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தரையை அவர் துடைப்பதைப் பார்க்கும்போது, தூங்கும் பிள்ளையின் முகத்தைத் துடைப்பது போலிருக்கும்.

மாரி மேகம் திரண்ட ஒரு காலையில் ஜெசிந்தா என் வீட்டுக்கு வந்தாள். ஹோட்டலிலிருந்து இரண்டு தரம் போன் வந்துவிட்டதாம். நேசன் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறாராம். "மாபிளக் கிளப்பச் சொல்லுங்க அக்கா. நான் சொன்னா மனம் உடஞ்சிருவார். நீங்க சொன்னா வேலைக்காகச் சொல்றீங்க எண்டு நினைப்பார்."

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைத்து ஒன்று சொல்ல வேண்டும். நாம் வரைகிற கோடு தவறென்றால் அழித்துவிடலாம். அந்த வீட்டில் தவறென்று ஒன்றும் இல்லை. ஒரு மனிதன் வருடக்கணக்காகக் கீழ்வாசலால் போய்வந்து, மனதுக்குள்ளே சுமந்து கொண்டுவந்த ஒரு தரை இருந்தது. அதை உடைத்தால் அவர் கடையில் நிற்பார், ஆனால் எப்படிப்பட்ட ஆளாக நிற்பார்? உடைக்காவிட்டால் அவர் போய்விடுவார். இரண்டுக்கும் நடுவே நான் அன்று மத்தியானம் வரைக்கும் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. வரைபடத்துக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லை. மனிதர்களுக்குப் பயப்படுவேன்.

பின்னேரம் கடைக்குப் போனேன். நேசன் சமையலறையில் பட்டர் தடவிய மாவை மடித்துக்கொண்டிருந்தார். "தம்பி, ஒரு உதவி" என்றேன். "பின்கதவால வெளியில போங்க. அப்பிடியே சுத்தி ரோட்டுக்கு வந்து, கோப்பி குடிக்க வாற ஆள் மாதிரி முன்வாசலால உள்ளுக்கு வாங்க. நான் இஞ்ச இருந்து பாக்கப் போறன்."

"ஏன் அக்கா?"

"வெளிச்சம் எப்பிடி விழுது எண்டு பாக்கணும்." பொய்தான். மன்னிக்கக்கூடிய பொய்.

அவர் கையைக் கழுவிவிட்டுப் போனார். ஜெசிந்தாவும் நானும் காத்திருந்தோம். மழை விட்டிருந்தது. மேற்கே வெயில் கீற்று விழுந்து, வாவி பொன்னிறமாகி, தரை முழுக்க அந்தப் பொன் ஆடிக்கொண்டிருந்தது. நேசன் ரோட்டிலிருந்து திரும்பி வாசலுக்கு வந்தார். நேரே என்னைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். படியில் கால் வைத்தார். வலது கால் தானாகச் செருப்பிலிருந்து கழன்றது. இடது காலும் கழன்றது.

வெறுங்காலை மாபிளில் வைத்த பிறகுதான் அவர் குனிந்து பார்த்தார். படிக்கு வெளியே தன் செருப்பு கிடப்பதைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஒரு நாளும் இந்த வாசலால வரல்ல அக்கா" என்றார் நேசன். "திறந்த நாள்ல இருந்து பின்கதவாலதான் வந்து போறன். அங்க போலவே." தன் வெறுங்காலைப் பார்த்து, "நானே உள்ளுக்கு வரப் பயப்பிடுறனே" என்றார்.

தன் கடையின் வாசலில் வெறுங்காலோடு நின்ற அந்த மனிதரைப் பார்க்க எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றியது. ஆனால் அந்த நேரத்தில் ஆறுதல் சொல்லக் கூடாது. ஆறுதல் சொன்னால் அவர் முடிவை நாம் பறித்துக்கொள்கிறோம். நான் மேசையிலிருந்த கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்: "கிளப்புவம்."

அடுத்த சில நாட்கள் மேசனோடு அவரும் மாபிள் கிளப்பினார். முழுக்க அல்ல. வாசல் என்பது கதவு இருக்கும் இடம் அல்ல, கால் யோசிக்கும் இடம். நாங்கள் செய்ததெல்லாம் அந்த யோசனையை எடுத்துவிட்டதுதான். படியை உடைத்துச் சரிவாக்கினோம். ரோட்டோரத்தில் கிடக்கிற அதே சொரசொரப்பான சீமெந்தையும் பருக்கைக் கல்லையும் கடைக்குள்ளே பின் ஜன்னல் வரைக்கும் கொண்டுபோனோம். முன்பக்கக் கண்ணாடியையும் ஏசியையும் கழற்றினோம். வாவிக் காற்று ரோட்டுக்கும், ரோட்டுச் சத்தம் வாவிக்கும் போய்வந்தது. எந்த இடத்தில் வெளி முடிந்து கடை தொடங்குகிறது என்று இப்போது கண்டுபிடிக்க முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஷெரின் ஒருநாள் சுத்தியலைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, "அப்பா, இதக் கிளப்ப எனக்குத் தாங்க" என்றாள். தாயிடம் சொல்லச் சொல்லவில்லை. நேசன் விலகி இடம் கொடுத்தார்.

கறுப்பு மாபிளில் ஒரு துண்டை மட்டும் நான் தொடவிடவில்லை. முன்னால் ஒரு நீண்ட மேசை போட்டு, பேஸ்ட்றி மடிப்பதையும் கிறீம் வைப்பதையும் சமையலறையிலிருந்து அங்கே கொண்டுவந்தேன். அந்த மேசைக்குப் பின்னால், நேசன் நிற்கும் இடத்தில், கறுப்புத் தரை அப்படியே இருக்கிறது. அவர் அதன் மேலே சப்பாத்துக் காலோடு நிற்கிறார், உறை இல்லாமல். இதை நான் அவரிடம் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. முதல் நாள் அங்கே நின்றபோது ஒருமுறை குனிந்து பார்த்தார், அவ்வளவுதான்.

திரும்பக் கடை திறந்த அன்று காலையிலேயே மாரி கொட்டத் தொடங்கியது. மழைக்கு இப்படி ஒரு நேரமா என்று நான் எரிச்சலோடு குடையைச் சுருக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். ஆனால் அந்த மழைதான் சனத்தைக் கொண்டுவந்தது. பஸ்ஸுக்குப் போனவர்கள் நனையாமல் நிற்க ஒதுங்கினார்கள். ஒதுங்கியவர்கள், படி இல்லாததால், எங்கே வந்துவிட்டோம் என்று தெரியாமலே கடைக்குள் நின்றார்கள். ஆசுபத்திரித் துண்டுச் சீட்டைக் கையில் வைத்திருந்த ஒரு தாய், ஒரு மீன் வியாபாரி, வட்டையிலிருந்து சேற்றுக் காலோடு வந்த நாலைந்து பேர். யாரோ ஒருவர் கதிரையை இழுத்தார். யாரோ, "கோப்பி இரிக்கா?" என்றார். கொஞ்ச நேரத்தில் எல்லாக் கதிரைகளும் நிரம்பி, சிலர் பின் ஜன்னலில் சாய்ந்து, வாவியில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஈரமும் சேறும் கோப்பி மணமும் சேர்ந்து அறை முழுக்க ஒரு வெதுவெதுப்பு. எனக்கு அங்கேயே தூக்கம் வரும் போலிருந்தது.

நேசன் மேசைக்குப் பின்னால் நின்று சேற்றைப் பார்த்தார். அவர் கை தோளுக்குப் போனது. அங்கே துணி இல்லை. கையை இறக்கி, ஒரு தட்டில் பொரித்த பற்றிஸ் பலகாரத்தை அடுக்கி, வட்டைக்காரர்களின் மேசைக்குத் தானே கொண்டுபோய் வைத்தார்.

அப்போது மேசையில் கிடந்த அவருடைய போன் அடித்தது. ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைக் கண்டே எனக்கு யார் என்று தெரிந்தது. அவள் போனை எடுத்து, இரண்டு கைகளாலும் பிடித்து, அவரிடம் நீட்டினாள். என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்கும் தெரியாது. அவர் மாவு படிந்த விரலால் போனை வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் யாரோ நீளமாக ஏதோ சொன்னார்கள். நேசன் கடையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சொறி சேர்" என்றார் கடைசியில். மீதியை ஆங்கிலத்தில் சொல்ல அவருக்குப் பொறுமை இருக்கவில்லை, தமிழிலேயே சொன்னார். "இப்ப கதைக்க ஏலா. கடையில ஆக்கள் நிக்கிறாங்க."